வாகரைத் தரவையில் கூடிப்போன இருபத்தொன்பது மீட்டர்

போன ஓகஸ்ட் விடுமுறையில், ஒரு வியாழக்கிழமை புறப்பட்டு ஞாயிறு திரும்புவதாக மட்டக்களப்புக்குப் போய்வந்தேன். போகும்போது மனதில் இருந்தவை இரண்டு: வெயில் ஏறுமுன் வாவிக்கரையில் ஓடுவது, நண்டுக்கறியோடு வயிறாரச் சோறு தின்பது. இரண்டும் நடந்தன. ஆனால் எழுத உட்கார்ந்தால் கை அவற்றை எழுத மாட்டேன் என்கிறது. வாகரைப் பக்கம் ஒரு வெளியில் என் அளவு நாடா காட்டிய எண்ணைப் பார்த்து நெஞ்சு திக்கென்றது. அந்தத் திக் இன்னும் போகவில்லை. பேருந்து நேரம், கட்டணம், தங்குமிடம் எல்லாம் வழக்கம்போலத் தருகிறேன். நடுவில் கொஞ்சம் தடம் மாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: நான் நில அளவையாளர். வயது நாற்பத்திரண்டு, இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில். போகிற ஊரிலெல்லாம் ஓடிப் பார்த்து, தூரத்தைக் குறித்து, இங்கே எழுதிவைப்பேன். கைக்கடிகாரம் காட்டும் தூரத்தை முழுதாக நம்பாமல் பையில் முப்பது மீட்டர் நாடாவும் கொண்டு திரிவேன். கோவிலுக்குப் போனாலும் பிரகாரத்தை அளக்காமல் வரமாட்டாய் என்று என் கணவர் கேலி செய்வார். அளந்திருக்கிறேன் என்பதால் நான் பதில் பேசுவதில்லை.

வாகரை எப்படி இதற்குள் வந்தது என்றால், என் அலுவலகத்தில் வேலை செய்யும் மட்டக்களப்புக்காரர் ஒருவரால். அவருடைய மைத்துனர் வாகரைக்கும் கதிரவெளிக்கும் இடையில் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். அவரிடம் ஓடும் பதினேழு வயதுப் பிள்ளை ஒருத்தி ஆயிரத்தைந்நூறு மீட்டரில் கெட்டிக்காரி. அனைத்துலக இளையோர் மெய்வல்லுநர் போட்டிக்கு நாட்டின் சார்பில் யார் போவது என்று தெரிவு செய்யும் ஓட்டம் இரண்டு வாரத்தில் கொழும்பில் நடக்க இருந்தது. அந்தப் பக்கம் போகிறாய்தானே, பிள்ளை ஓடுவதையும் ஒருதரம் பார்த்துவிட்டு வா என்றார் நண்பர். ஊரின் பெயரை நான் எழுதவில்லை. ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். அப்படிக் கேட்டுக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை ரயில். காலையில் கொழும்புக் கோட்டை நிலையத்தில் ஏறி, பின்னேரம் மூன்றரைக்கு மட்டக்களப்பில் இறங்கினேன். நேர அட்டவணை அடிக்கடி மாறுகிறது, கேட்டுக்கொண்டு போங்கள். வாவியைப் பார்த்த அறை, மின்விசிறியோடு 4,500 ரூபாய். அறைக்காரர் ஏசி வேண்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். அது என் முதல் முட்டாள்தனம். ஓகஸ்டில் மட்டக்களப்பில் காற்று என்ற பெயரில் வருவது அடுப்புச் சூடு.

வெள்ளி காலை ஐந்தே முக்காலுக்குக் கல்லடிப் பழைய பாலத்தில் ஓடினேன். இப்போது வாகனம் ஓடுவது பக்கத்துப் புதிய பாலத்தில், ஆகவே பழையது நடப்பவர்களுக்கும் தூண்டில்காரர்களுக்கும் சொந்தம். என் கடிகாரக் கணக்கில் ஒரு முனையிலிருந்து மறுமுனை 290 மீட்டர். பத்துத் தடவை போய்வந்தேன். கீழே ஒருவர் தோணியில் நின்று வீச்சு வலை எறிந்துகொண்டிருந்தார். நான் ஒன்பதாவது தடவை திரும்பும்போது, என்ன துலைச்சிட்டீங்க என்று கீழேயிருந்து கேட்டார்.

ஏழு இருபதுக்கு நகரப் பேருந்து நிலையத்தில் கதிரவெளிப் பேருந்து. கட்டணம் 310 ரூபாய். இடப்பக்க ஜன்னல் நிழல் என்று நினைத்து உட்கார்ந்தேன், ஏறாவூர் தாண்டியதும் பாதை வளைந்து வெயில் மடியில் வந்து விழுந்தது. ஏறாவூரில் துணிப் பொதிகளோடு பாதிப் பேருந்து நிரம்பியது, ஓட்டமாவடியில் அதே பொதிகளோடு காலியானது. அதற்கப்பால் பாதை நன்றாக இருக்கிறது, ஆட்கள் குறைவு. பனிச்சங்கேணிப் பாலத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர். அங்கே மட்டும் பேருந்துக்குள் உண்மையான காற்று வந்தது. ஒன்பது ஐம்பதுக்கு வாகரை. 66 கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம்.

வாகரையிலிருந்து ஓட்டோ. ஆறரைக் கிலோமீட்டருக்கு 800 கேட்டார், 700க்கு வந்தார். விளையாட்டு சேரின் மைதானம் என்றதும் ஓட்டோக்காரர் தலையைத் திருப்பி என்னை ஒருதரம் பார்த்தார். இந்த வெயிலில் மனுசர் ஓடுவதைப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஆள் வருகிறதா என்று அவருக்கு ஆச்சரியம். நாலரைக்கு முதல் அங்கே காகமும் இராது என்று சொல்லி, ஆசிரியரின் வீட்டிலேயே இறக்கிவிட்டார். மத்தியானம் அங்கேதான் சாப்பாடு. நண்டு, கூனிச் சம்பல், கெட்டியான எருமைத் தயிர். இரண்டாவது நோக்கம் நிறைவேறியது.

ஆசிரியருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்தவர், மெதுவாகப் பேசுகிறவர். சாப்பிடும்போதே தன் கவலையைச் சொல்லிவிட்டார். தெரிவு ஓட்டத்துக்கான விண்ணப்பம் திங்கள் நண்பகலுக்குள் போய்ச்சேர வேண்டும். அதில் பயிற்றுநர் உறுதிப்படுத்திய நேரம் எழுத வேண்டும். ஆயிரத்தைந்நூறு மீட்டருக்கு நாலு நிமிடம் ஐம்பது செக்கனுக்குள் ஓடியவர்களைத்தான் கூப்பிடுவார்கள். டனுஷா (அந்தப் பதினேழு வயதுப் பிள்ளை) இங்கே ஓடும் நேரமோ ஐந்து நிமிடம் ஆறு செக்கன். போன மாதம் மாகாணப் போட்டிக்குக் கூட்டிப்போனார், அங்கே நாலு ஐம்பத்தேழு ஓடி நாலாவதாக வந்தாள். அது றப்பர் தரை, அதில் எல்லோருக்கும் பத்துச் செக்கன் சும்மா குறையும் என்றார். அதைவிட அவருக்கு வலித்தது, முடிவுக் கோட்டில் மற்றப் பிள்ளைகள் விழுந்து கிடக்க இவள் மூச்சு வாங்காமல் நின்றது. பிள்ளைக்குக் கால் இருக்கிறது, துணிவு இல்லை என்று அவர் முடிவு செய்திருந்தார். பொய் நேரம் எழுதிக் கொடுக்கும் ஆள் அவர் இல்லை. ஆகவே விண்ணப்பம் மேசையில் வெறுமையாகக் கிடந்தது.

நாலரைக்கு மைதானத்துக்குப் போனோம். மைதானம் என்றது நான்தான், அவர்கள் தரவை என்கிறார்கள். களப்பு, அதாவது கடலோர உப்பேரி, வற்றினால் அதன் ஓரத்தில் தட்டையாகக் கிடக்கும் புல்லும் உப்புமணலுமான வெளி. மாரியில் அது தண்ணீருக்குள் போய்விடும். அதில் முட்டை வடிவில் ஒரு சுற்று, ஓரம் நெடுக மரமுளைகள். டனுஷா வெறுங்காலோடு நின்றாள். காலடியில் மணல் சுட்டதில் நான் சப்பாத்தோடு துள்ளிக்கொண்டிருந்தேன். கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு அவளுடைய அக்கா ஜீவிதா. வயது இருபத்திநாலு, வாழைச்சேனையில் ஒரு தையல் கடையில் வேலை. வெள்ளிக்கிழமை அரைநாளோடு வந்துவிடுவாளாம். தங்கைக்கு நேரம் பிடிப்பது அவள் பொறுப்பு. அவளும் முன்பு ஓடியவள் என்று ஆசிரியர் சொன்னார். இரண்டு வருடம் முயன்றாள், நேரம் வரவில்லை, விட்டுவிட்டாள்.

அவர்களோடு உடம்பைச் சூடாக்க நானும் ஐந்து சுற்று ஓடினேன். நானூறு மீட்டர் சுற்று, ஐந்து என்றால் இரண்டு கிலோமீட்டர். நின்று கடிகாரத்தைப் பார்த்தால் 2.15 என்று காட்டியது. வளைவுகளில் இந்தக் கடிகாரங்கள் கொஞ்சம் பொய் சொல்லும், எனக்குத் தெரியும். ஆனால் இருபது முப்பது மீட்டர்தான் சொல்லும். நூற்றைம்பது மீட்டர் பொய் சொன்னதில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த டனுஷாவிடம் மாகாணப் போட்டியில் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"கடைசி இழுவை இழுக்க இன்னும் இடமிருக்கெண்டு நினைச்சிக்கிட்டு ஓடினன் அக்கா. நினைச்சிக்கிட்டிருக்கக்குள்ளயே கோடு வந்திட்டு."

ஒரு அளவையாளருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? இந்தச் சுற்றை யார் அளந்தார்கள் என்று ஆசிரியரிடம் கேட்டேன். ஒன்பது வருடத்துக்கு முன் பள்ளிக்கூடத்து நாடா துருப்பிடித்து அறுந்து போயிருந்ததாம். இந்தப் பிள்ளைகளின் தகப்பன் கடற்தொழிலாளி. ஜீவிதா ஓடத் தொடங்கிய புதிதில், சேர் ஏன் யோசிக்கிறீர்கள், கயிறு அளப்பது எங்கள் தொழில்தானே என்று அவர் முன்வந்தார். கரையில் கயிறும் வலையும் பாகக் கணக்கு. இரண்டு கையையும் விரித்துப் பிடித்தால் விரல் நுனிக்கு விரல் நுனி ஒரு பாகம். ஒரு பாகம் ஆறு அடி என்று புத்தகத்தில் இருக்கிறது. ஆசிரியர் கணக்குப் போட்டு, 219 பாகம் வேண்டும் என்றார். தகப்பன் வலைக்கயிற்றை 219 தரம் கைவிரித்து அளந்து, முட்டை வடிவில் சுற்றிப் போட, அதன் வழியே முளை அடித்தார்கள். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. நானும் போட்டுப் பார்த்தேன், 400 மீட்டரும் அரையும் வருகிறது.

தகப்பன் எவ்வளவு உயரம் என்று கேட்டேன். ஆசிரியர் சிரித்துக்கொண்டே, ஓட்டுத் தாழ்வாரத்தில் தலை இடிக்கும் ஆள் என்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பு நின்றது.

இரவு வாகரையில் தங்கினேன். சனி காலை ஆறு மணி. ஆசிரியர், ஜீவிதா, நான். டனுஷா ரியூசன் வகுப்புக்குப் போயிருந்தாள். நாடாவின் ஒரு முனையை ஜீவிதா பிடிக்க, உள் ஓரத்திலிருந்து முப்பது சதமமீட்டர் தள்ளி அளந்தோம், விதி அப்படித்தான். பதினான்கு தரம் முப்பது, 420. அதற்கப்பால் இன்னும் ஒன்பது மீட்டர். எனக்கே நம்பிக்கை வராமல் எதிர்ப்பக்கமாகத் திரும்பவும் அளந்தேன். 429. ஒரு பாகத்துக்கு ஐந்து அங்குலம் கூடியிருந்தது. மூன்றே முக்கால் சுற்றுக்கு 1,609 மீட்டர். அந்த எண் எனக்குப் பாடம். அது ஒரு மைல். ஆயிரத்தைந்நூறு என்று நினைத்து அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் ஒரு முழு மைல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறாள், அதுவும் மணலில், வெறுங்காலோடு. கோடு சீக்கிரம் வந்துவிட்டது என்று அவள் சொன்னது அச்சொட்டாக உண்மை. அவள் கால்களுக்குப் பழக்கமான கோடு இன்னும் நூற்றொன்பது மீட்டர் தள்ளி இருந்தது.

கைப்பேசியில் கணக்குப் போட்டேன். ஐந்து நிமிடம் ஆறு செக்கன், 1,609 மீட்டருக்கு. 1,500க்கு நாலு நாற்பத்தைந்து.

ஆசிரியர் மணலில் உட்கார்ந்துவிட்டார். சந்தோசப்படுவார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன், என்ன மடைச்சி நான். அவர் வாயில் கைவைத்துக்கொண்டு அந்த முளைகளையே பார்த்தார். ஒன்பது வருடம். இங்கே நேரம் வராத பிள்ளையை வெளியே கொண்டுபோய் அவமானப்படுத்தக் கூடாது என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கையால் எத்தனை பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார் என்பது அவருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி என் நாடாவின் மறுமுனையை இன்னும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்டதையும் போட்டுப் பாருங்க அக்கா," என்றாள் ஜீவிதா. "அஞ்சு ஒம்பது."

ஏழு வருடத்துக்கு முந்திய நேரம், யோசிக்காமல் சொன்னாள். அப்போதும் வேண்டியிருந்தது நாலு ஐம்பதுதான். பத்தொன்பது செக்கன் கூட என்று சொல்லித்தான் அவளை நிறுத்தினார்கள். நான் போட்டேன். விடை வந்தது. கைப்பேசியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டேன். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் கணக்கு அவளுக்கும் தெரியும், என் வாயிலிருந்து கேட்க நின்றாள்.

"நாலு நாற்பத்தெட்டு," என்றேன்.

அவள் அழவில்லை. நாடாவைக் கவனமாக நிலத்தில் வைத்தாள், முனை மணலில் புதையாமல்.

"அப்ப நான் ஓடித்தான் இருக்கன்."

ஆசிரியரை அந்த நிலையில் பார்க்க எனக்குச் சங்கடமாகிப் போய், நான் களப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதது நான்தான். ஊர் பேர் தெரியாத ஒருத்தி வந்து, அரை மணி நேரத்தில் ஒரு பிள்ளையின் ஏழு வருடத்தைப் புரட்டிப் போட்டுவிட்டு நிற்கிறாள். இதை அளக்காமல் விட்டிருந்தால்? விட்டிருந்தால் தங்கையின் விண்ணப்பமும் மேசையிலேயே கிடந்திருக்கும்.

ஜீவிதாதான் முதலில் தெளிந்தாள். சேர், முளையைப் பிடுங்குவோம் என்றாள். இன்றைக்கே சரியான சுற்றுப் போட்டு, பின்னேரம் தங்கையை ஓடவிட்டு, வருகிற நேரத்தை விண்ணப்பத்தில் எழுத வேண்டும். உண்மையான நேரம் எழுதினால் சேருக்கும் மனம் உறுத்தாது. அப்புறம் எங்கள் இருவரையும் பார்த்து இதைச் சொன்னாள்:

"அப்பாக்கு இது தெரியப்படா. புது விதி வந்திருக்கு, சுத்தைக் குறைக்கணுமாம் எண்டு சொல்லுங்க. வேறொண்டும் பறையப்படா. தெரிஞ்சா அந்த மனுசன் மறுகா கயிறு தொட மாட்டார்."

நாங்கள் பாதி முளையைப் பிடுங்கியிருந்தபோது தகப்பன் வந்தார். கடலால் வந்து தோணியை ஏற்றிவிட்டு நேரே வந்திருந்தார், சாரம் முழங்கால் வரை நனைந்து கிடந்தது. ஆசிரியர் சொன்னது சரிதான், பெரிய மனிதர். அந்தக் கைகளைப் பார்த்ததும் எனக்கு ஐந்து அங்குலமும் விளங்கிவிட்டது. புது விதி என்று ஆசிரியர் தடுமாறிச் சொன்னார். விதி என்றால் செய்யத்தானே வேண்டும் என்று தகப்பன் தோளைக் குலுக்கிவிட்டு, வலைக்கயிறு எடுத்து வரவா, அளந்து தருகிறேன் என்று கேட்டார். நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றோம். தோள் நோகும் அப்பா, இந்த மிஸ்ஸிடம் நாடா இருக்கிறது என்று ஜீவிதா சமாளித்தாள். அவர் நாடாவைக் கையில் வாங்கிப் பார்த்து, இது என்ன றிபன் மாதிரி என்று சிரித்துவிட்டு, மரமுளை அடிக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். பத்தரைக்கெல்லாம் முடிந்தது. சரியாக 400. என் தொழிலில் இவ்வளவு கவனமாக நான் எதையும் அளந்ததில்லை.

பின்னேரம் ஐந்து மணிக்கு டனுஷா ஓடினாள். சுற்றுச் சிறிதாகிவிட்டது என்று மட்டும் சொல்லியிருந்தோம். மூன்றாவது சுற்றில் ஜீவிதா ஓரமாக ஓடிக்கொண்டே, இப்ப இழு, இப்ப இழு என்று கத்தினாள். இந்தத் தடவை டனுஷா முடிவில் விழுந்தாள். மணலில் மல்லாந்து கிடந்து வாயால் மூச்சு வாங்கினாள். ஜீவிதா கடிகாரத்தை ஆசிரியரிடம் நீட்டினாள். நாலு நாற்பத்தாறு. விண்ணப்பத்தை, வந்து நின்ற ஓட்டோவின் பின்சீட்டில் வைத்தே நிரப்பினார் ஆசிரியர்.

தகப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர் போகிறவர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். பிறகு என் பக்கத்தில் வந்து குந்தினார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"இந்தத் தரவை நான் அளந்தது தங்கச்சி. மூத்தவளுக்கெண்டு அளந்தன். அவளுக்கு ஓட்டம் வாய்க்கல்ல, இவளுக்கு வாய்ச்சிட்டு. கரையில ஒருத்தனுக்குக் கயிறு அளந்து குடுக்கக்குள்ளயே கையக் குறுக்கினா மானம் போயிரும். சொந்தப் புள்ளைக்கு அளக்கக்குள்ள குறுக்குவமா? நெஞ்ச முன்னுக்குத் தள்ளி, எட்டின மட்டும் இழுத்து இழுத்து அளந்தன். ரெண்டு நாள் கை தூக்க ஏலாமக் கிடந்த."

பத்தடி தள்ளி ஜீவிதா தங்கையின் காலை நீவிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும், தலை நிமிரவில்லை. அவர் விடவில்லை. நீங்கள் அளவைக்காரர் என்று சேர் சொன்னார், சொல்லுங்கள், என் அளவு எப்படி என்று கேட்டார். வேடிக்கைக்குக் கேட்கவில்லை. ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

"சரியா இருக்கு அண்ணன்," என்றேன்.

ஞாயிறு காலை ஆறேகாலுக்கு வாகரையிலிருந்து பேருந்து பிடித்து, மட்டக்களப்பு வந்து, பிற்பகல் கொழும்புக்கு வண்டி ஏறினேன். வழியில் எதையும் குறித்துவைக்கவில்லை. ஆகவே திரும்பும் பயணத்தின் விவரங்கள் என்னிடம் இல்லை, மன்னியுங்கள்.

அதன் பிறகு நடந்தது: டனுஷா தெரிவு ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தாள். இரண்டு பேரை எடுத்தார்கள். அனைத்துலகப் போட்டியில் முதற்சுற்றில் ஆறாவது, இறுதிக்குப் போகவில்லை. ஆனால் நேரம் நாலு நாற்பத்தொன்று. ஜீவிதா குரல்பதிவு அனுப்பியிருந்தாள். பின்னால் தையல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. நீயும் திரும்ப ஓடலாமே என்று கேட்டேன். இளையோர் என்று எழுதியிருக்கிறதே அக்கா, எனக்கு இருபத்திநாலு என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் இரண்டாம் தரம் கேட்க முடியவில்லை. ஆசிரியர் தன் பழைய நேரக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, ஒவ்வொரு பிள்ளையின் நேரத்தையும் புதிதாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாராம். முடிந்ததும் வீடு வீடாகப் போய்ச் சொல்லப் போகிறாராம். சொல்ல வேண்டுமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சில விசயங்கள். மே முதல் செப்ரெம்பர் வரைதான் தரவை காய்ந்திருக்கும். ஓடுவதென்றால் காலை ஆறரைக்கு முன், அல்லது மாலை ஐந்துக்குப் பின். ஒருவருக்கு மூன்று லீற்றர் தண்ணீர் வேண்டும். வாகரைக்கு அப்பால் கடைகள் தொலைவுக்கு ஒன்று. களப்பில் இறங்கிக் குளிக்காதீர்கள், முதலை உண்டு என்று கரையில் எல்லோரும் சொல்கிறார்கள், நான் சரிபார்க்கப் போகவில்லை. நேரடிப் பேருந்து நாளுக்குச் சிலவே, தவறினால் வாழைச்சேனையில் மாற வேண்டும். வாகரையில் எளிமையான அறை 3,500க்குக் கிடைத்தது. தனியாகப் போகும் பெண்களுக்கு அங்கே எனக்கு ஒரு தொல்லையும் வரவில்லை. சாப்பிட்டீர்களா என்ற கேள்விதான் ஓயாமல் வந்தது.

கடைசியாக ஒன்று. ஜீவிதாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அப்பா கைப்பேசியில் எழுத்து வாசிப்பதில்லை, ஆனால் வருகிற ஆட்களின் வாய் சும்மா இராது என்று அவள் பயந்தாள். ஆகவே கேட்கிறேன். கதிரவெளிக்கு இந்தப் பக்கம் எங்கேயாவது, வலைக் கிழிசல் பொத்திக்கொண்டிருக்கும் நெடிய மனிதர் ஒருவர் எழுந்து உங்களிடம் வரலாம். என் மகள் வெளிநாடு போய் ஓடிய தரவை இது, என் கையால் அளந்தது என்று சொல்வார். அளவு எப்படி என்று கேட்பார். சரியாக இருக்கிறது என்று சொல்லுங்கள். இருபது வருடமாக அளக்கிறேன், நான் பொய்யாக உறுதி சொன்ன அளவு அது ஒன்றுதான். திரும்பக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.